மேடும் பள்ளமும் படத்தில் தெரிய: கோல்ஃப் மைதான ஒளிப்படங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான பதில்களைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், எதிர்பாராத அளவுக்குப் பல, கோல்ஃப் மைதானங்களைப் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கோல்ஃப் ஆடாத வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: பந்தை முதன்முறை அடிக்கும் மேடை டீ, அங்கிருந்து நீளும் வெட்டிய புல்வெளி ஃபேர்வே, குழியும் கொடிக்கம்பும் உள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை கிரீன், வழியில் இருக்கும் மணற்பள்ளங்கள் பங்கர், ஓரங்களில் உயரமாக விடப்பட்ட புல் ரஃப்.

கேள்வி: உதகமண்டலம் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில் நின்று பார்க்கும்போது நிலம் அலையலையாக ஏறி இறங்குவது நன்றாகத் தெரிகிறது. எடுத்த படங்களிலோ பச்சைக் கம்பளத்தை விரித்தது போல எல்லாம் தட்டையாகக் கிடக்கின்றன. கேமராவை மாற்ற வேண்டுமா?
(வாசகர், குன்னூர்)

பதில்: கேமராவில் கோளாறு எதுவும் இல்லை; பணத்தை மிச்சப்படுத்துங்கள். நாம் இரண்டு கண்களால் பார்க்கிறோம், பார்த்துக்கொண்டே நடக்கிறோம், ஏற்றத்தைக் காலும் உணர்கிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண்தான். அதற்கு மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் தெரிய வேண்டுமானால் ஒன்றில் வெளிச்சமும் மற்றொன்றில் நிழலும் விழுந்தாக வேண்டும். வயல், தேயிலைச் சரிவு, பாறைக்குன்று போன்ற இடங்களில் நிறமும் பொருள்களும் மாறிக்கொண்டே இருப்பதால் நிழல் குறைந்தாலும் படம் ஓரளவு தேறிவிடும். கோல்ஃப் மைதானத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே புல், ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே உயரம். அங்கே நிழல் இல்லையென்றால் நிலத்தின் வடிவமும் இல்லை. இந்த வகைப் படங்களில் முக்கால் பங்கு வேலை நிழலைக் கொண்டு நிலத்தின் வடிவத்தை வெளிக்கொணர்வதுதான். மரமும் நீரும் வானமும் மீதிக் கால் பங்கு என்பது என் கருத்து.

சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக நீளும். 10 பாகைக்கு இறங்கும்போது உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேலாக நீளும். முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பங்கர் விளிம்புகூட அப்போது ஏறக்குறைய மூன்று மீட்டர் நிழலை வீசும். மென்மையான சரிவுகளில் இப்படி வெட்டிய நிழல் விழாது. ஆனால் சூரியனைப் பார்த்த பக்கம் வெளிறியும் மறுபக்கம் அடர்ந்தும் தோன்றும், அந்த வேறுபாடே போதுமானது. அதனால் சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகைக்குள் இருக்கும் நேரமே உங்களுக்குரிய நேரம். நீலகிரியில் அந்த நேரம் மிகக் குறுகியது. உதகை இருப்பது வடக்கு அட்சரேகை 11 பாகைக்குச் சற்று மேலே. அங்கே சூரியன் ஏறத்தாழ நேர்குத்தாக எழுவதால், மார்ச், செப்டம்பர் மாதங்களில் 0 பாகையிலிருந்து 10 பாகைக்கு ஏற நாற்பது நிமிடங்களே ஆகின்றன. வெளிநாட்டு ஒளிப்பட ஏடுகள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொல்வது அவர்களுடைய வானத்தைப் பார்த்து எழுதியது. நம் ஊரில் டிரைபாட்டை விரித்து, லென்ஸைத் துடைத்து, இடம் தேடி முடிப்பதற்குள் வெளிச்சம் கைநழுவிப் போய்விடும். இடத்தை முந்தைய நாளே பார்த்து முடிவு செய்துவிட்டு, காலையில் படம் மட்டும் எடுங்கள்.

உதகைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. மைதானம் இருக்கும் வென்லாக் டவுன்ஸ் பகுதி இயல்பில் திறந்த புல்மேடாக இருந்தாலும், பின்னாளில் நடப்பட்ட தைல மரங்களும் வாட்டில் மரங்களும் அங்கே நிறைய நிற்கின்றன. இருபது மீட்டர் மரம் ஒன்றின் நிழல், சூரியன் 10 பாகையில் இருக்கும்போது நூறு மீட்டரைத் தாண்டும். கிழக்கில் மரவரிசை உள்ள ஃபேர்வே முழுவதும் அந்த நல்ல நாற்பது நிமிடமும் இருட்டிலேயே கிடக்கும். ஆகவே மைதானத்தின் செயற்கைக்கோள் படத்தைக் கைபேசியில் திறந்து, ஏறத்தாழ வடக்கு தெற்காக நீளும் ஃபேர்வேக்களில் கிழக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ திறந்திருப்பவை எவை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறுக்காகப் பாய்வது அவற்றில்தான். சூரியனை முதுகுக்கு நேர்பின்னால் வைத்து எடுத்தால், காலை வெளிச்சம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிழல்கள் மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், படம் மீண்டும் தட்டையாகவே வரும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ, சற்று எதிரிலிருந்தோ வரட்டும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் போவதானால் ஒரு வேண்டுகோள். உறைபனி படிந்த புல்வெளி படத்துக்கு மிக அழகானது. ஆனால் உறைந்த புல்லை மிதித்தால் இலையின் திசுக்கள் உடைந்து, கால் பட்ட இடமெல்லாம் பின்னர் பழுப்புத் தடங்களாகிவிடும். பாதையில் நின்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 16-35 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். டீ மேடையிலிருந்து எடுத்தால் முன்னாலுள்ள புல்லும் வானமும் நிறைய வருகின்றன. கிரீன் ஒரு கோடாகச் சிறுத்து, கொடி இருக்கும் இடமே தெரிவதில்லை. நிலக்காட்சிக்கு வைடு லென்ஸ்தானே சிறந்தது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அப்படியொரு விதி இல்லை; கோல்ஃப் மைதானத்தில் பெரும்பாலும் அதற்கு நேர்மாறுதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிரீன் உங்களிடமிருந்து 100 மீட்டரில் தொடங்குகிறது. தரை சமமாக இருக்கிறது. கேமரா கண்மட்டத்தில், 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச்சட்டக சென்சாரில் 16 மி.மீ. லென்ஸால் எடுத்தால், 4,000 புள்ளி உயரமுள்ள படத்தில் அந்தக் கிரீன் பத்துப் புள்ளி உயரத்துக்கு மேல் வராது. அதே இடத்திலிருந்து 200 மி.மீ. லென்ஸால் எடுத்தால் 120 புள்ளி கிடைக்கும். அதிலேயே கேமராவை 3.2 மீட்டருக்கு உயர்த்தினால் 240 புள்ளிக்கு மேல் கிடைத்துவிடும். அதாவது கேமராவின் உயரம் இரட்டிப்பானால் கிரீனின் பட்டையும் இரட்டிப்பாகிறது. லென்ஸைப் போலவே உயரமும் முக்கியம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. அனுபவமுள்ள கோல்ஃப் ஒளிப்படக்காரர்கள் மடக்கேணியைத் தூக்கிக்கொண்டு அலைவதன் காரணமும் இதுதான். ஏணி இல்லாதவர்கள் கேமராவை நீண்ட கம்பின் முனையில் பொருத்திக் கைபேசியால் இயக்கலாம். அல்லது பக்கத்திலுள்ள மேட்டில் ஏறலாம். ஆனால் ஏணியோ டிரைபாட்டோ, அதன் கால் எந்தக் காரணத்துக்காகவும் கிரீன்மீது படக்கூடாது.

வைடு லென்ஸுக்கும் இடம் இருக்கிறது. முன்னணியில் சொல்லத்தக்க ஏதாவது, வளைந்த விளிம்புள்ள பங்கரோ, ஓடையோ, கற்பாலமோ, இரண்டு மூன்று மீட்டருக்குள் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முன்னால் வெறும் புல் மட்டும் இருந்தால் பையிலேயே இருக்கட்டும்.

எங்கே நிற்பது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. கோல்ஃப் மைதானம் தானாக அமைந்த காடோ கடற்கரையோ அல்ல. ஒருவர் இன்ன இடத்தில் நின்று இப்படிப் பார்த்துத் தயங்க வேண்டும் என்று இன்னொருவர் திட்டமிட்டுச் செதுக்கிய நிலம் அது. கலிஃபோர்னியாவில் 1928இல் திறக்கப்பட்ட சைப்ரஸ் பாயிண்ட் மைதானத்தையும், பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அகஸ்டா நேஷனல் மைதானத்தையும் வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, அடிப்படையில் ஒரு மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது மருத்துவராகப் பணியாற்றிய அவர், போயர் வீரர்கள் நிலத்தோடு நிலமாக மறைந்து போரிட்ட முறையைக் கவனித்து, அந்த உருமறைப்புப் பாடத்தைப் பின்னாளில் மைதான வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். பங்கர்களின் மணற்சுவரை ஆட்டக்காரரை நோக்கி ஏற்றிக் கட்டுவதும், கிரீனுக்கு வெகு முன்னாலுள்ள பங்கரைக் கிரீனை ஒட்டியிருப்பது போலத் தோன்றச் செய்து தூரத்தைத் தவறாகக் கணிக்க வைப்பதும் அத்தகைய வடிவமைப்பாளர்களின் கைவேலை. இப்படிப்பட்ட மைதானத்தில் கிரீனுக்குப் பின்னால் நின்று டீயை நோக்கிப் படமெடுத்தால் மணலே தெரியாது, புல்மேடுகள் மட்டுமே தெரியும். ஆகவே முதல் படத்தை ஆட்டக்காரர் நின்று முடிவெடுக்கும் இடத்திலிருந்து, அதாவது டீயின் பின்புறத்திலிருந்தோ, பந்தை இரண்டாம் முறை அடிக்கும் இடத்திலிருந்தோ எடுங்கள். அதன்பின் அதே கோட்டிலிருந்து இடமோ வலமோ பத்துப் பதினைந்து அடி நகர்ந்து, பங்கர்கள் ஒன்றையொன்று மறைக்காமல் விலகித் தெரியும் இடத்தைத் தேடுங்கள். வடிவமைப்பாளர் மறைத்து வைத்த இடைவெளியை அந்தச் சிறு நகர்வு காட்டிக்கொடுத்துவிடும். எந்த இடம் வேண்டுமென்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. எனக்கு அந்த ஏமாற்று வேலை அப்படியே தெரியும் படங்களே பிடிக்கும்.

கொடி படத்தில் ஒரு புள்ளி அளவே இருந்தாலும் பார்ப்பவர் கண் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். கொடிக்கம்பு ஏறக்குறைய ஏழடி உயரம். படத்தில் தூரத்துக்கும் அளவுக்கும் கிடைக்கும் ஒரே அளவுகோல் அதுதான். பின்னால் இருண்ட மரம் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் வெளிர்நிறக் கொடி தனித்துத் தெரியும். குழியின் இடத்தை மைதான ஊழியர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள். முன்கூட்டியே பணிவாகக் கேட்டுக்கொண்டால், நீங்கள் படமெடுக்கும் நாளன்று மேடு மறைக்காத இடத்தில் குழியை வெட்டித் தருவார்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருடன் ஜூன் மாதத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் போகவிருக்கிறோம். எனக்கு கோல்ஃப் தெரியாது. ஆனாலும் அந்தப் புகழ்பெற்ற பழைய பாலத்தையும் மைதானத்தையும் நல்ல படமாக எடுக்க ஆசை. உள்ளே விடுவார்களா? எந்த நேரம் சரி?
(வாசகர், எடின்பரோ)

பதில்: ஞாயிற்றுக்கிழமை போங்கள். அங்குள்ள ஓல்டு கோர்ஸ் எனப்படும் மைதானம் பொதுநிலம். பெரிய போட்டிகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, ஞாயிறுகளில் அங்கே ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் நாயும் குழந்தையுமாக நடந்து போவதைப் பார்க்கலாம். உலகத்தின் மிகப் பழையவற்றுள் ஒன்றான, மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்தில் டிக்கெட் இல்லாமல் பெற்றோருடன் உலாவலாம் என்பதை நம் ஊர் கிளப் வாசல்களைப் பார்த்துப் பழகியவர்கள் நம்புவது கடினம். கிரீன்களின் மேல் மட்டும் ஏறாதீர்கள். படங்களை விற்பது, விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது போன்ற எண்ணம் இருந்தால் மைதானத்தை நிர்வகிக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்டிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு யோகம்தான். குன்னூர் வாசகருக்கு நாற்பது நிமிடம் என்று சொன்னேன்; 56 பாகை வடக்கிலுள்ள அந்த ஊரில் ஜூன் இறுதியில் சூரியன் மிகச் சாய்வாக இறங்குவதால், 10 பாகையிலிருந்து அடிவானத்தைத் தொட ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். இரவு உணவை முடித்துவிட்டு, எட்டரை மணிக்குப் புறப்பட்டுப் போனாலே போதும்.

ஸ்வில்கன் பாலம் 18ஆவது ஆட்டப்பாதையின் தொடக்கத்தில், ஸ்வில்கன் ஓடையின் மேல் இருக்கிறது. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பலரும் ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பார்கள். ஏனென்றால் முப்பதடி நீளமும் எட்டடி அகலமும் ஆறடி உயரமும் மட்டுமே உள்ள சிறு கற்பாலம் அது, ஆடு மேய்ப்பவர்கள் மந்தையை ஓட்டிச் செல்வதற்காகக் கட்டியது என்பார்கள். படத்தில் அதைப் பெரிதாக்கும் ஆசையில் வைடு லென்ஸை மூக்கருகே கொண்டுபோனால், பின்னாலுள்ள ஆர் அண்ட் ஏ (ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்) கோல்ஃப் கிளப் கட்டடமும் சிவந்த கல்லாலான ஹாமில்டன் கட்டடமும் தீப்பெட்டியளவுக்குச் சுருங்கிவிடும். பாலத்துக்கு மேற்கே நன்றாகப் பின்வாங்கி, 70 மி.மீ. முதல் 100 மி.மீ. வரையான லென்ஸில், இடுப்பு உயரத்திலிருந்து எடுங்கள். பாலத்தின் வளைவுக்கு மேலே ஊரின் கட்டடங்கள் உரிய அளவில் எழுந்து நிற்கும். மேலே உயரம் வேண்டும் என்று சொன்ன நானே இங்கே தாழச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது கிரீனின் பரப்பு அல்ல, வானத்தின் பின்னணியில் பாலத்தின் முதுகுக்கோடு. மாலையில் நீங்கள் கிழக்கே ஊரைப் பார்த்து நிற்கும்போது சூரியன் வடமேற்கில், உங்கள் இடது தோளுக்குப் பின்னால் இருக்கும். கல்லின் இடப்பக்கம் ஒளிபெற்று வலப்பக்கம் நிழலாகும். காலையில் போனால் ஊர் முழுவதும் எதிர்வெளிச்சத்தில் கறுத்துத் தெரியும். ஞாயிறன்று பாலத்தின் மேல் நின்று படமெடுத்துக்கொள்ள வரிசையாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பொறுமை வேண்டும், அல்லது உங்கள் பெற்றோரையே நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். அந்த மைதானத்தின் உண்மையான அழகு, கடற்கரை மணல்மேட்டு நிலம் புல்லுக்கடியில் சுருங்கியும் விரிந்தும் கிடக்கும் விதத்தில் இருக்கிறது. நடுப்பகலில் அங்கே வெறும் சமவெளிதான் தெரியும். சூரியன் சாய்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பும் துலங்கும். 18 குழிகளில் 14 குழிகள் இரண்டிரண்டாக ஏழு பெரும் கிரீன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இணைந்த குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். ஒரே புல்தரையில் இரண்டு கொடிகள் நிற்கும் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காதது, அதற்காகவே ஒரு படம் எடுக்கலாம். 14ஆவது பாதையிலுள்ள ஹெல் பங்கரையும் பாருங்கள். கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கும் இங்கே இருக்கிறது. ஒருகாலத்தில் இந்த மைதானத்தில் எதிர்த்திசையிலும் ஆடி வந்தார்கள் என்பதால், டீயிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படாத பல பங்கர்கள், கிரீன் பக்கமிருந்து திரும்பிப் பார்க்கும்போது வாய் திறந்து காட்டும். அதனால் அடிக்கடி பின்னால் திரும்பிப் பாருங்கள்.

வறண்ட கோடையில் அங்குள்ள புல் வெளிர் பழுப்பாகவும் வைக்கோல் நிறமாகவும் மாறியிருக்கும். கணினியில் அதைப் பச்சையாக்கிவிடாதீர்கள். அந்நிலத்தின் நிறமே அதுதான்.

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே கோல்ஃப் மைதானம். காலையில் மூடுபனியோடு பார்க்க அழகாக இருக்கிறது; படத்தில் சாம்பல் பூசியது போல் மங்கி விடுகிறது.
(வாசகி, நுவரெலியா)

பதில்: 1889இல் தொடங்கப்பட்ட அந்த மைதானம் ஊருக்கு நடுவிலேயே, பீதுறுதாலகால மலையின் அடியில் இருப்பதால் உங்களுக்கு மலை, பனி, புல் மூன்றும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கின்றன. படம் மங்குவதற்குக் காரணம் கேமராவின் ஒளி அளவிதான். எதைப் பார்த்தாலும் அது நடுத்தர சாம்பலாக்கிவிடப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள், பனி வெண்மையாகும். பனி அடர்ந்திருக்கும்போது நிலத்தின் மேடுபள்ளம் தெரியாது. அதைத் தேடி ஏமாறாமல், ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிச் செல்லும் மரவரிசைகளை நம்பிப் படத்தை அமையுங்கள். அருகில் இருண்ட மரம் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் வெளிறிய அடுக்குகள் மட்டும் இருந்தால் கண்ணுக்குப் பிடிப்பு இராது.

பனி விலகத் தொடங்கும் சில நிமிடங்கள்தான் பொன்னான நேரம். மலைமுகடு முதலில் தெரியும், பிறகு மரங்களின் தலை, கடைசியில் தரை. மைதான ஊழியர்கள் புல் வெட்டத் தொடங்குவதற்கு முன் போய்விட்டால் பனித்துளி படிந்த புல் வெள்ளி நிறத்தில் இருக்கும்; வெட்டும் எந்திரம் ஓடிய இடம் மட்டும் கரும்பச்சைப் பட்டையாகத் தெரியும். அந்த ஒற்றைப் பட்டை கொடியை நோக்கிச் செல்லும்போது எடுத்த படம், நாம் எவ்வளவு யோசித்தாலும் அமைக்க முடியாத கோட்டைத் தந்துவிடும். அந்நேரத்தில், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பனித்துளியின் மினுமினுப்பை அது அழித்துவிடும்.

கேள்வி: கைபேசியில் எடுத்தால் புல் கண்ணைக் கூசும் பச்சையாக வருகிறது. கேமராவில் எடுத்தால் மஞ்சளடிக்கிறது. உண்மையான நிறத்தை எப்படிப் பிடிப்பது?
(வாசகர், சென்னை)

பதில்: கைபேசியின் மென்பொருள் புல்லையும் வானத்தையும் அடையாளம் கண்டு, கேட்காமலேயே நிறத்தை ஏற்றிவிடுகிறது. மென்பொருள் திருத்தாத ரா வடிவில் சேமிக்கும் வசதி இருந்தால் அதில் எடுங்கள். கேமராவில், நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு வையுங்கள். படம் முழுவதும் பச்சையாக இருக்கும்போது தானியங்கி குழம்பி, அதை ஈடுகட்ட ஊதாவைக் கூட்டும். கணினியில் திருத்தும்போது பச்சையைத் தொடாமல் முதலில் மஞ்சளைக் கவனியுங்கள். புல்லின் நிறத்தில் பெரும்பகுதி மஞ்சள் பட்டியில்தான் இருக்கிறது. அதன் செறிவைச் சற்றுக் குறைத்தாலே பல படங்கள் இயல்புக்கு வந்துவிடும்.

உச்சிவெயிலில் புல்லின் ஒவ்வோர் இலையும் வானத்தைப் பிரதிபலித்து வெளிறும். அதற்கு போலரைசர் நல்ல மருந்து. சூரியனுக்குச் செங்கோணத்தில் திரும்பி நிற்கும்போது மிக நன்றாக வேலை செய்யும். வைடு லென்ஸோடு சேர்த்துப் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துப் போகும், கவனம்.

ஃபேர்வேயில் மாறி மாறித் தெரியும் வெளிர்பச்சை, கரும்பச்சைப் பட்டைகள் இரண்டு வகைப் புல்லால் ஆனவை அல்ல. புல்வெட்டும் எந்திரம் போகும் திசையில் இலைகள் சாய்கின்றன; நம்மைவிட்டு அப்பால் சாய்ந்தவை வெளிச்சத்தைத் திருப்பி வெளிறித் தெரிகின்றன, நம்மை நோக்கிச் சாய்ந்தவை கறுத்துத் தெரிகின்றன. எதிர்ப்பக்கம் போய் நின்றால் பட்டைகள் இடம் மாறிவிடும். நிலம் சமமாக இருக்கும் நகர மைதானங்களில், மேடுபள்ளத்துக்குப் பதிலாகப் படத்தைத் தாங்கும் கோடுகளாக இவற்றைப் பயன்படுத்தலாம். பட்டைகள் சட்டத்தின் மூலையிலிருந்து புறப்பட்டு கிரீனை நோக்கிக் குவியும்படி நில்லுங்கள்.

பங்கர் மணல் மிக வெண்மையாக இருந்தால் படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். வெளிறிப்போன மணலில் விவரத்தை மீட்க முடியாது. நிழலைப் பின்னர் தூக்கிவிடலாம்.

கேள்வி: நிலக்காட்சியில் மனிதர்களே இருக்கக்கூடாது என்று எங்கள் ஒளிப்படக் குழுவில் ஒருவர் வாதிடுகிறார். கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர்களை என்ன செய்வது?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: பிரசுரங்களுக்கும் கிளப் நாட்காட்டிகளுக்கும் ஆளில்லாத படங்களைத்தான் கேட்பார்கள், ஆடைகளின் பாணி மாறிப் படம் பழசாகிவிடும் என்பது அவர்கள் கவலை. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பங்கரை மட்டமாக்கும் ஊழியர், ஃபேர்வேயின் மடிப்பில் இடுப்பளவு மறைந்து நடக்கும் கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவர்), இவர்களில் ஒருவர் படத்தில் சிறிதாக இருந்தால் நிலத்தின் ஆழம் உடனே புரியும்; அந்தப் பள்ளம் எவ்வளவு என்பதை அவர் உடலில் பாதி மறைந்திருப்பதே சொல்லிவிடுகிறது. மனிதர்களோடு நிறுத்துவானேன்? ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் மைதானத்தினூடாகக் களனிவெளி ரயில் பாதை செல்கிறது. அங்கே போய் ரயில் வரும்போது கேமராவை இறக்கி வைப்பவரை நான் நிலக்காட்சிக் கலைஞர் என்று சொல்லமாட்டேன்.

ஆட்டம் நடக்கும்போது சில ஒழுங்குகள் உண்டு. அடிக்கத் தயாராகும் ஒருவரின் பார்வைக்கோட்டில் நிற்கவோ அசையவோ கூடாது. ஷட்டர் ஒலியை அணைத்துவிடுங்கள். பந்து வருகிறது என்று எச்சரிக்கும் ‘ஃபோர்!’ என்ற கூச்சல் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் கைகளால் மூடிக் குனியுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவிலுள்ள பெபிள் பீச் போகவிருக்கிறேன். அங்கே எடுக்கும் படங்களை அச்சிட்டு விற்கலாமா?
(வாசகர், சான் ஹொசே)

பதில்: 1919இல் திறக்கப்பட்ட அந்த மைதானமும், அதை ஒட்டிச் செல்லும் பதினேழு மைல் சாலையும் தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. சாலையோரத்தில் பாறைமேல் தனியாக நிற்கும் சைப்ரஸ் மரம் அந்நிறுவனத்தின் வணிகச் சின்னம். உங்கள் வீட்டுச் சுவருக்கு எடுப்பதில் தடையில்லை. விற்பதாக இருந்தால் எழுத்தில் அனுமதி பெறாமல் இறங்காதீர்கள். படத்தைப் பற்றிச் சொன்னால், கடலுக்குள் நீளும் நிலமுனையில் அமைந்த 7ஆவது பாதை நூறு மீட்டர்கூட வராது, டீ உயரத்தில், கிரீன் தாழ்வில். ஏணி இல்லாமலே உயரம் கிடைக்கும் அபூர்வமான இடம். கிரீனைச் சுற்றியுள்ள பங்கர்கள் முழுமையாகத் தெரியும். எனவே வானத்தைச் சட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு சிறு கீற்றாக ஒடுக்கிவிட்டு, அலை பாறையில் மோதி வெண்ணுரை எழும் கணத்துக்குக் காத்திருங்கள்.

கேள்வி: ட்ரோன் இருந்தால் இந்த ஏணி, கம்பு எதுவும் வேண்டாமே?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம்தான், ஆனால் பறக்கவிடும் உயரத்தில் அடக்கம் வேண்டும். 100 மீட்டரிலிருந்து நேர்கீழே பார்த்து எடுத்தால் அது மைதானத்தின் வரைபடம். மேடுபள்ளம் மீண்டும் காணாமல் போய்விடும். 10 முதல் 25 மீட்டர் உயரத்தில், கேமராவைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, தாழ்ந்த சூரியனுக்குக் குறுக்காக வைத்து எடுங்கள். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்திருக்கின்றன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கக்கூடாது, பச்சைப் பகுதியிலும் பொதுவாக 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 250 கிராமுக்கு மேற்படாத ட்ரோனுக்கு, அதை இயக்குபவருக்கான சான்றிதழ் தேவையில்லை என்றாலும் இந்தப் பகுதிப் பிரிவினை அதற்கும் பொருந்தும். டிஜிட்டல் ஸ்கை இணையதளத்திலுள்ள வரைபடத்தில் இடத்தைச் சரிபார்த்துவிட்டு, கிளப் செயலாளரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, முதல் ஆட்டக்காரர்கள் டீ மேடைக்கு வருவதற்கு முன் இறக்கிவிடுங்கள்.